மொட்டையும் ஒரு ஸ்டெப் கட்டிங்கும்

சுப்புராயனுக்கு மகன் மேல் இருந்த கோபம் அத்தனையும் மகனின் தலையில்தான் குடியிருந்தது. காதுக்கு மேலே சுற்றிலும் மழித்து, உச்சியில் மட்டும் ஒரு கற்றை முடியை வளர்த்து, அதற்குக் காய்ந்த கரும்புச் சோகையின் நிறத்தில் சாயம் ஏற்றி வைத்திருந்தான் சிவசங்கர். டிப்ளமோ முடித்த இருபது வயதுப் பையன். அவனுடைய பேன்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். வண்டிக்கு சைலன்சர் மாற்றியிருந்தான். கச்சிராயபாளையத்தில் அதை உதைத்தால் கோமுகி அணையில் நிற்கிற கொக்கு எழுந்து பறக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டாளிகளோடு கல்வராயன் மலைக்கு ஏறி, அருவிக்கு முன்னால் ஆடி, அதை ரீல்ஸ் போடுவான். இந்த மாதிரிப் பையன்களுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் புள்ளிங்கோ. சுப்புராயன் வைத்திருந்த பெயர்களை அச்சில் போட முடியாது.

போனால் போகிறது என்று விட்டிருப்பார். ஆனால் மூத்தவள் செந்தமிழ்ச்செல்விக்கு வரன் பார்க்க ஆரம்பித்த பிறகு அந்தத் தலை வீட்டுக்கே ஆபத்தாகிவிட்டது. நைனார்பாளையத்து வரன் ஒன்று ஜாதகம், நிறம், படிப்பு எல்லாம் பொருந்தி, கல்யாண மண்டபம் வரைக்கும் பேச்சுப் போனது. அந்த நேரம் பார்த்து எவனோ ஒரு புண்ணியவான் சிவசங்கர் ஓடுகிற வண்டியின் மேல் எழுந்து நின்று கையை விரிக்கிற ரீல்ஸை மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு அனுப்பிவைத்தான். தம்பியே இப்படி என்றால் அக்காள் எப்படியோ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குச் செந்தமிழ்ச்செல்வி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுப்புராயன் அந்தக் கதவுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றார்.

இப்போது வந்திருப்பது சின்னசேலம் ராமசாமியின் மகன். மின்வாரியத்தில் இன்ஜினியர். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது. நாளை காலையில் பூ வைத்து நிச்சயம் செய்ய வருகிறார்கள். ராமசாமி விதை, உரக்கடை வைத்திருப்பவர். சட்டையின் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டு, மூன்று விரல் விபூதியோடு உட்கார்ந்திருப்பார். நகை நட்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. குடும்பம் அடக்கமான குடும்பமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் தனக்கு முக்கியம் என்று மட்டும் போனில் சொன்னார். அதற்குப் பதிலாக நூறு சவரன் கேட்டிருந்தால் சுப்புராயன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

யோசித்து யோசித்துக் கடைசியில் சாமியைப் பிடித்தார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், மலை மேல் இருக்கிறது அவர்கள் குலசாமி. அக்காளுக்கு வரன் அமைந்தால் தம்பிக்கு மொட்டை போடுவதாகத் தான் வேண்டிக்கொண்டதாகவும், பூ வைப்பதற்குள் அதை முடித்துவிட வேண்டும் என்றும் மகனிடம் சொன்னார். வேண்டுதல் எல்லாம் அன்றைக்குக் காலையில் பல் விளக்கும்போது பிறந்ததுதான். சாமிக்கே இனிமேல்தான் தெரிய வேண்டும்.

பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து நாலு பக்க வசனத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். சிவசங்கர் கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை முடியைக் கோதிப் பார்த்துக்கொண்டான்.

“அக்காவுக்குன்னா சரிப்பா. எடுத்துட்டு வரேன்.”

சுப்புராயனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தயார் செய்த வசனத்தில் ஒரு வரியாவது செலவாகட்டும் என்று, சாமி காரியத்துக்குப் பேன்ட் ஆகாது, வேட்டி கட்டிக்கொண்டுதான் போக வேண்டும், சத்தம் போடுகிற வண்டியில் மெதுவாகத்தான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அதற்கும் சரி என்றான். கூட்டாளி அஜித்தும் இன்னும் சில பையன்களும் துணைக்கு வர, வண்டிகள் மலைக்குக் கிளம்பின. மனைவி பெரியநாயகியிடம் வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லிவிட்டு, பூ, பழம், வெற்றிலை வாங்கச் சுப்புராயன் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினார்.

முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒருவன் நுழைந்தால் எப்போது வெளியே வருவான் என்று அவனாலேயே சொல்ல முடியாது. பூக்கடையில் நின்றார், பழக்கடையில் நின்றார், தாம்பாளத்துக்குப் பேர் வெட்டுகிற இடத்தில் உட்கார்ந்தே விட்டார். நடுவில் போன் சார்ஜ் தீர்ந்து செத்துப்போனது. இனிமேல் யாரும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று சந்தோஷப்பட்டார். மகனின் தலை இந்நேரம் வழவழவென்று ஆகியிருக்கும் என்ற நினைப்பு ஒரு பக்கம் தித்தித்தது. டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடமும் கிடைத்தது.

பொழுது சாயும் நேரத்தில் பஸ் கச்சிராயபாளையம் முக்கூட்டில் கரும்பு டிராக்டர் ஒன்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. அங்கே புதிதாக ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். கண்ணாடி வீட்டில் இருந்ததால் சின்ன எழுத்து தெரியவில்லை. ‘கண்ணீர் அஞ்சலி’ என்பதும் படமும் மட்டும் தெரிந்தன. படத்தில் ஓர் இளவட்டம். தோள் வரைக்கும் அலையலையாக முடி. முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. மார்பு தெரியத் திறந்து கிடக்கும் சட்டை, உதட்டில் சிகரெட், யாருடைய மோட்டார் சைக்கிள் மேலோ தூக்கி வைத்த கால்.

சுப்புராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வெளியூர்க்காரர். அவரிடம் கொட்டித் தீர்த்தார்.

“பாருங்க இந்த மூஞ்ச. இது எங்கியாவது வண்டில போயி மோதிக்கினுதான் செத்துருக்கும். இதுக்கு ஒரு பேனரு, இதுக்கு அழ ஒரு கூட்டம். பெத்தவன் ரெண்டு அறை வுட்டு வளத்துருந்தா இப்படி ஆவுமா? நாட்டுக்கு ஒரு பாரம் கம்மின்னு வெச்சிக்க வேண்டியதுதான்.”

வெளியூர்க்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேனரைப் படித்தார். அவருக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது.

“வயசு அறுவத்தி மூணுன்னு போட்டுக்கிதுங்களே. ஸ்டெப் கட்டிங் சுப்பு என்கிற சுப்புராயனாம். ரசிகர் மன்றத்து மாஜி தலைவராம்.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுப்புராயனே மறந்துபோயிருந்ததால் முன்னாலேயே சொல்ல எனக்கும் தோன்றவில்லை. நாற்பது வருடத்துக்கும் முன்னால் இந்தச் சுப்புராயன், தோள் வரைக்கும் படிப்படியாக வெட்டிவிட்ட முடியோடு ‘ஸ்டெப் கட்டிங் சுப்பு’வாக இருந்தார். அவருடைய பெல்பாட்டம் போன தெருவைத் தனியாகக் கூட்ட வேண்டியதில்லை என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு நடிகருக்கு மன்றம் வைத்து அதற்குத் தலைவராகவும் இருந்தார். படம் வெளியாகிற அன்றைக்குக் கட்டை விரலைக் கீறி போஸ்டருக்கு ரத்தப் பொட்டு வைத்தவர் அவர்தான். அந்த முடியை அறுத்தே தீருவேன் என்று அவருடைய அப்பா கருக்கரிவாளோடு துரத்த, கரும்புக் கொல்லையிலேயே படுத்துக் கிடந்த காலமும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் வெல்லம் காய்ச்சுகிற அடுப்பில் எல்லாப் படங்களையும் போட்டு எரித்துவிட்டார். பிறகு பன்னிரண்டு வயதிலிருந்தே ஏர் பிடித்தவன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவந்தார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டது. யாராவது ஞாபகப்படுத்தினால்கூட, நாங்கள் செய்தது ரசனை, இவன்கள் செய்வது ரவுடித்தனம் என்று சட்டென்று பதில் சொல்லியிருப்பார்.

பழக்கூடையும் வாழைத்தாருமாக அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, பேனரின் கீழ்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் வீரமணி. பழைய மன்றச் செயலாளர். இப்போது அவருக்கு பேனர் அடிக்கிற கடை. செத்துப்போன நண்பன் கையில் வாழைத்தாரோடு எதிரே நிற்பதைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டார். முதலில் பயந்தார், பிறகு கட்டிப்பிடித்து அழுதார், அதற்கும் பிறகு கோபித்துக்கொண்டார்.

“இன்னா சுப்பு இது. ஒரு போன் பண்ணக் கூடாதா? காசு வாங்காம நல்ல மெட்டீரியல்ல அடிச்சனேய்யா.”

நடந்தது என்னவென்று வீரமணி வாயாலும் வழியில் பார்த்தவர்கள் வாயாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. சிவசங்கருக்குக் குலசாமி கோயிலில் முடி இறக்கியதும், அவன் மட்டும் மொட்டையாக நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் கூட்டாளிகள் எல்லோரும் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். மொட்டைத் தலைக்கு மீசை இருந்தால் அடியாள் மாதிரி இருக்கும், மழித்துவிட்டால்தான் கெத்து என்று அஜித் தீர்ப்புச் சொல்ல, மீசைகளும் போயின. தலையில் அப்பிய சந்தனத்தைக் கொண்டை ஊசி வளைவுகளில் அடித்த மழை துப்புரவாகக் கழுவிவிட்டது. ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியோடும் மேலே துண்டோடும், அப்பா சொன்னாரே என்று வண்டியைச் சத்தமில்லாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான் சிவசங்கர். பின்னாலேயே மற்ற மொட்டைகள்.

மொட்டை, மீசை இல்லை, சந்தனம் இல்லை, ஈர வேட்டி, தோளில் துண்டு. எங்கள் பக்கத்தில் இதைப் பார்த்தால் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வருகிற மகன். சாமிக்கு எடுத்த தலையா சாவுக்கு எடுத்த தலையா என்று சொல்லும் சந்தனம்தான் மலைப்பாதையில் ஓடிப்போய்விட்டதே. இந்தக் கணக்கெல்லாம் பையன்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு மொட்டையும் ஒரு கட்டிங், அவ்வளவுதான். ஊருக்கும் அவனை நிறுத்தி விசாரிக்க மனசு வரவில்லை. தகப்பனைப் பறிகொடுத்தவனை நடுத்தெருவில் நிறுத்தி என்ன ஆச்சு என்று கேட்பது மரியாதை இல்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பீடியை அணைத்தார்கள். தலையைக் குனிந்து கையைக் கூப்பினார்கள். இத்தனை நாளும் தங்களைக் கண்டாலே காறித் துப்பிய ஊர் இப்படி எழுந்து நிற்பதைப் பார்த்து, மொட்டைக்கு இவ்வளவு மாஸ் இருக்கிறதா என்று பையன்கள் அசந்துபோய்த் திரும்பக் கை கூப்பினார்களாம்.

அதற்கு மேல் ஊரே கதையைக் கட்டி முடித்துவிட்டது. காலையில் சுப்புராயன் பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அப்போதே முகம் சரியில்லை என்று சொன்னார்கள். நெஞ்சு வலியாம், சேலத்துக்குக் கொண்டு போனார்களாம், அங்கேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்களாம். போன் அடித்தால் சுவிட்ச் ஆஃப். வீரமணி தன்னிடம் இருந்த ஒரே படத்தை ஸ்டேட்டஸில் போட்டார். அது சின்னசேலம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

வீட்டு முன்னால் பந்தல் போட்டு நாற்காலி இறக்கியிருந்தார்கள். பெரியநாயகி மத்தியானத்திலிருந்து, அவர் கள்ளக்குறிச்சிக்குப் பூ வாங்கப் போயிருக்கிறார் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு, ஆமாம்மா, வந்துடுவாரு என்று அழுதார்கள். அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இது சாமிக்கு எடுத்த மொட்டை என்று சிவசங்கர் சொன்னதும் அழுகைச் சத்தத்தில் எடுபடவில்லை. பொழுது சாய்ந்தும் ஆளைக் காணோம், போனும் போகவில்லை என்றதும், ஊருக்கெல்லாம் தெரிந்தது தங்களுக்கு மட்டும் தெரியவில்லையோ என்று அவளுக்கும் மகனுக்குமே சந்தேகம் வந்துவிட்டது.

சுப்புராயன் வாழைத்தாரோடு பந்தலுக்குள் நுழைந்தபோது ஒப்பாரி பாதியில் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் ஓடி வந்தவன் சிவசங்கர். மழமழவென்ற தலையும் வெளுத்துப்போன மேலுதடுமாகப் பச்சைப் பிள்ளை மாதிரி இருந்தான். அப்பாவைக் கட்டிக்கொண்டு, வாய் விட்டு அழுதான். மகன் தன்னைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்தத் தலையைத் தடவிக் கொடுக்கச் சுப்புராயன் கையைத் தூக்கினார். அப்போதுதான் பந்தலின் மூலையில், மடியில் பெரிய ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்த ராமசாமியைப் பார்த்தார். தூக்கிய கை அப்படியே கும்பிடாக மாறியது.

ராமசாமி கூடவே தன் அக்காள் ரங்கம்மாளையும் அழைத்து வந்திருந்தார். நாளைக்குப் பூவோடு வர வேண்டியவர்கள் இன்றைக்கே மாலையோடு வந்துவிட்டார்கள் என்று எவனோ பின்னால் முணுமுணுத்தான். சகுனம் என்னாகும் என்பதுதான் சுப்புராயனின் முதல் பயம். அதை ரங்கம்மாளே தீர்த்துவைத்தாள். காக்காய் தலையில் தட்டினால் வேண்டுமென்றே பொய்ச் சாவு சொல்லி அனுப்புகிறோமே, சொந்தக்காரர்கள் அழுதால் ஆயுசு கெட்டி என்பதற்குத்தானே அது. இங்கே ஊரே அழுதிருக்கிறது, சம்பந்தி நூறு வயது இருப்பார் என்றாள். செந்தமிழ்ச்செல்வி உள்ளேயிருந்து கதவோரமாக வந்து நின்றாள். அவள் முகத்தில் உயிர் திரும்பி வந்ததைச் சுப்புராயன் பார்த்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

ராமசாமி எழுந்திருக்கவில்லை. பையன்கள் ஏன் மொட்டை அடித்தார்கள் என்று விசாரித்தார். அக்காள் கல்யாணத்துக்கான வேண்டுதல் என்றதும் சிவசங்கரை மேலும் கீழும் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். கூடப் பிறந்தவளுக்காக முடியைக் கொடுத்திருக்கிறான், நண்பனுக்காக மற்றவர்களும் கொடுத்திருக்கிறார்கள், இந்தக் காலத்தில் இப்படி அடக்கமான பிள்ளைகளைப் பார்ப்பது அபூர்வம் என்றார். அஜித் தலையைக் குனிந்துகொண்டான். சுப்புராயனுக்குத் தன் திட்டம் பலித்த சந்தோஷத்தில் கண் கலங்கியது.

பிறகு ராமசாமி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வீரமணி போட்ட ஸ்டேட்டஸைத் திறந்து, சுப்புராயன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பொய்ச் சாவுக்குப் பரிகாரம் இருக்குதுங்க. இதுக்கு இன்னா பரிகாரம்?”

சுப்புராயன் படத்தைப் பார்த்தார். முக்கூட்டில் தெரியாத சிகரெட்டின் நுனிகூட இப்போது நன்றாகத் தெரிந்தது.

“அது பத்த வெக்கலிங்க. சும்மா வாயில வெச்சது.”

“முடி?”

“அந்த வயசுல எல்லாருமே அப்படித்தாங்க இருந்தாங்க. ஒரு ஸ்டைலுக்கு வெச்சது. வேற ஒண்ணும் கெடையாதுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தைகளை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் சிவசங்கர் சொல்லுவது. அதற்கு அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்.

ராமசாமி தட்டைத் தள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மாலையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, தான் விசாரித்தவரையில் சுப்புராயன் சின்ன வயதிலிருந்தே ஏர் பிடித்தவர் என்றல்லவா சொன்னார்கள் என்றார். மன்றம், ரத்தப் பொட்டு, இதையெல்லாம் பேனர் கட்டக் கிளம்புவதற்கு முன்னால் வீரமணி பந்தலில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னதாகவும் சொன்னார். ரசிகர் மன்றக் காலிகளைத் தன் அப்பா கடை வாசலிலேயே நிற்கவிட மாட்டாராம். ரத்தத்தில் ஊறியது எங்கே போகும், ஒரு பெண்ணை எடுக்கிறோம் என்றால் பெற்றவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டார். முக்கூட்டிலிருந்து சுப்புராயனோடு கூடவே வந்திருந்த வீரமணி, பேனர் கட்டிய கயிற்றில் மிச்சம் இருந்ததைச் சுருட்டிக்கொண்டு மெதுவாகப் பந்தலை விட்டு நழுவினார்.

கதவோரத்தில் நின்ற செந்தமிழ்ச்செல்வி ஒரு அடி பின்னால் வைத்தாள். அவள் அடுத்து மாடிப்படி ஏறிவிடுவாள் என்று சுப்புராயனுக்குத் தெரிந்தது. போன தடவை அந்தக் கதவை மூட வைத்தவன் மகன். இந்தத் தடவை அவரேதான்.

ராமசாமி சிவசங்கரைக் கை காட்டிக் கூப்பிட்டார். மொட்டைத் தலையும் வேட்டியுமாக அவன் எதிரே போய் நின்றான்.

“தம்பி, நீ ஒழுக்கமான புள்ளன்னு பாத்தாலே தெரியுது. அதனால உன்ன கேக்கறேன். உங்கப்பா எப்படி? மறைக்காத சொல்லு.”

மகன் வாயில் என்ன வரும் என்று சுப்புராயனால் ஊகிக்க முடியவில்லை. தான் அவனைப் பேசிய பேச்சு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவன் பழி வாங்கினாலும் தப்புச் சொல்ல முடியாது.

சிவசங்கர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ராமசாமியிடம் பொறுமையாக, பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்கிற குரலில் சொன்னான்.

“பாக்கத்தாங்க அப்படி. எங்கப்பா மனசுல ஒண்ணும் கெடையாது. யார் வம்புக்கும் போமாட்டாரு. அவுர நம்பி பொண்ணு எடுக்கலாங்க.”

ராமசாமி கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு காப்பி கேட்டார். பெரியநாயகி உள்ளே ஓடினாள். ரங்கம்மாள் செந்தமிழ்ச்செல்வியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டாள். பையன்கள் வாழைத்தாரைப் பந்தக்காலில் தூக்கிக் கட்டினார்கள்.

சுப்புராயன் நின்ற இடத்திலேயே நின்றார். உன் மகன் எப்படி என்று ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ தடவை அவரைக் கேட்டிருக்கிறார்கள். பார்க்கத்தான் அப்படி என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.